பேருந்தை விட்டுக் கொஞ்சம் இறக்குங்கள்: ஆங்கில மொழி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் ஆங்கில மொழி மையங்களை நடத்துவோருக்கும், அந்த மையங்களில் மாணவர் சுற்றுலாக்களை ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கையேடுகளில் ஒரு படம் தவறாமல் இருக்கும். பத்துமலைப் படிக்கட்டிலோ இரட்டைக் கோபுரத்தின் முன்னாலோ மலாக்காவின் சிவப்புக் கட்டடத்தின் முன்னாலோ பல நாட்டு இளைஞர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வகுப்பறைக்கு வெளியேயும் ஆங்கிலம் பழகலாம் என்று கீழே ஒரு வரி. அப்படிப்பட்ட படங்களை எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த ஊரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. அந்தப் பேருந்துகளில் ஆங்கிலம் பேசியது பெரும்பாலும் யார் தெரியுமா? ஒலிவாங்கியைப் பிடித்திருந்த வழிகாட்டியும், "ஏழு மணிக்குள் திரும்பி வந்துவிடுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களும்தான். ஏமன் நாட்டு மாணவர்கள் பின் இருக்கைகளில் அரபியில் பேசினார்கள். சீன மாணவர்கள் நடுவில் மாண்டரினில் பேசினார்கள். தனியாக வந்த ஜப்பான் பெண் சன்னலோரம் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தூங்கினாள்.

இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் பார்த்த மையங்களில் வகுப்பெடுப்பவர்களிலும் சுற்றுலாவைக் கட்டி இழுப்பவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்களோடு பேசிவிடலாம் என்று தோன்றியது. அப்புறம், நம் கோயில்கள் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போகாமல் இங்கே வந்து ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கோலாலம்பூரில் ஆங்கிலமே இல்லாமல் ஓர் ஆண்டை ஓட்டிவிடலாம். புக்கிட் பிந்தாங்கில் ஜாலான் பெராங்கான் பக்கம் அரபுத் தெரு இருக்கிறது. உணவகப் பலகையிலிருந்து முடிதிருத்தும் கடைவரை எல்லாம் அரபி. சீன மாணவருக்குப் பெட்டாலிங் ஸ்திரீட்டில் தொடங்கிச் செராஸ்வரை மாண்டரின் போதும். கொரியர்களுக்கு அம்பாங், ஜப்பானியர்களுக்கு மோண்ட் கியாரா. வாடகை வீடு, மளிகை, மருத்துவர் என்று எதற்கும் அவர்கள் வாயில் ஆங்கிலம் வரவேண்டிய அவசியம் இல்லை. பல மொழி பேசும் ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்வதுதான் இந்த மாணவருக்கு வசதியான ஒளிவிடமாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே மாணவர்களை வகுப்புக்கு வெளியே கூட்டிப் போவதற்கு இங்கே இருக்கும் மதிப்பு வேறு ஊர்களில் இருப்பதைவிடக் கூடுதல். ஆங்கிலம் இல்லாமல் காரியம் நடக்காது என்ற நிலையை நாம் திட்டமிட்டு உண்டாக்க முடிகிற நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தைத்தான் நீங்கள் நாற்பது பேர் உட்காரும் பேருந்தில் ஏற்றி, சன்னல் கண்ணாடிக்குள் அடைத்து வைக்கிறீர்கள்.

பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். வாடகைப் பேருந்து காலையில் மையத்தின் வாசலில் புறப்பட்டு, கோயிலுக்கு எதிரே இறக்கிவிடும். வழிகாட்டி மூன்று விஷயம் சொல்வார்: முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், படிகள் 272, குரங்குகளிடம் கவனம். பிறகு ஒரு மணி நேரம் அவரவர் பாடு. குட்டைக் காற்சட்டையோடு வந்த பெண்களைப் படியடியில் நிறுத்தி, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். ஏன் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். மேலே போய் மூச்சு வாங்கி, படம் எடுத்து, கீழே இறங்கி இளநீர் குடித்தால் பண்பாட்டுச் சுற்றுலா முடிந்தது.

இதே இடத்துக்கு கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொமுட்டர் என்ற புறநகர் ரயில் நேராகப் போகிறது. கோயிலுக்குப் பக்கத்திலேயே நிலையம். ஆறேழு பேராக, ஒரே நாட்டுக்காரர்கள் ஒன்றாகச் சேராதபடி குழு பிரித்து ரயிலில் அனுப்பிப் பாருங்கள். டிக்கெட் எடுப்பது, எந்த நடைமேடை என்று கேட்பது, திரும்பும் ரயில் எப்போது என்று விசாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆசிரியர் கூடவே போகட்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு லிபிய மாணவரும் ஒரு கொரிய மாணவியும் நடைமேடை குழம்பி நிற்கும்போது அவர்களுக்குள் பொதுவாக இருக்கும் ஒரே மொழி ஆங்கிலம்தான். நான் வகுப்பில் கெஞ்சிக் கேட்டும் வராத வாக்கியமெல்லாம் அங்கே வந்து விழுகிறது.

கோயிலில் கேட்பதற்கும் எவ்வளவோ இருக்கிறது. இங்கே தைப்பூசம் 1892-லிருந்து கொண்டாடப்படுகிறது. கோயில் எழும்பக் காரணமான தம்புசாமி பிள்ளையின் கதையே ஒரு பாடத்துக்குத் தேறும். சிலை வந்தது 2006-இல்தான். படிகளுக்கு வானவில் வண்ணம் பூசியது 2018-இல், குடமுழுக்கை ஒட்டி. அதற்கு மரபுடைமைத் துறையிடம் முன்அனுமதி வாங்கவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. சமூக ஊடகங்களில் அந்த வண்ணப் படிகள் பரவிய பிறகு கூட்டம் இன்னும் கூடியது. "பழைய கோயிலுக்குப் புது வண்ணம் பூசலாமா?" என்று இரண்டு குழுவாகப் பிரித்து வாதாட விட்டால், இடைநிலை வகுப்புக்கு அதைவிடச் சூடான பேச்சுப் பயிற்சி கிடைக்காது. எந்தப் பாடநூலிலும் அது இல்லை. பாடநூலில் இன்னும் லண்டன் டாக்சியும் ஏதோ ஒரு திருவாளர் ஸ்மித்தும்தான் இருக்கிறார்கள்.

ஏன் இப்படிச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பேருந்து என்றால் ஒரு ரசீது, ஒரு பொறுப்பாளர். யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். படமும் கிடைத்துவிடும். குழு குழுவாகப் போனால் கூடுதல் ஆசிரியர்கள் வேண்டும். அது பெரும்பாலும் சனிக்கிழமை. பல இடங்களில் அந்தச் சனிக்கிழமைக்குத் தனிச் சம்பளமும் கிடையாது, "நீங்களும் இலவசமாகச் சுற்றிப் பார்க்கிறீர்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் இதைக் கேட்டே விட்டார்கள். பத்துமலையை எத்தனை முறைதான் ஒரு மலேசியத் தமிழச்சி சுற்றிப் பார்ப்பது? அது வேலை. வேலைக்கு உரிய மணிநேரக் கூலியைக் கொடுங்கள். பேருந்து வாடகையில் மிச்சமாவதை வைத்தே அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம்.

சனிக்கிழமையையும் விட்டுவிடலாம் என்பேன். மாணவர் விசாவைப் புதுப்பிக்க எண்பது விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்பதால் வகுப்புக்கு எப்படியாவது வந்துவிடுகிறார்கள். சனிக்கிழமைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே கலகலப்பாகப் பேசுகிறவர்கள். கூச்சக்காரர்கள் அறையிலேயே இருந்துவிடுகிறார்கள், யாருக்கு இது தேவையோ அவர்களே வருவதில்லை. வாரநாளில் ஒரு பிற்பகலை வெளியே எடுத்துக்கொண்டு அதையும் வகுப்பாகக் கணக்கில் வையுங்கள். உயர்கல்வி அமைச்சும் விசா வேலைகளைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் நிறுவனமும் இதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டால் மையங்களுக்குத் தயக்கம் போய்விடும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். ஜும்ஆ தொழுகைக்குப் போகிற மாணவர்களை நடுவழியில் தவிக்க விட்டு, பிறகு தாமதமாக வந்தார்கள் என்று குறை சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை நல்லது. அன்று மாலை செராஸில் தாமான் கன்னாட் பசார் மாலாம் உண்டு. இரண்டு கிலோமீட்டருக்கு நீளும் இரவுச் சந்தை. ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, தாங்கள் இதுவரை சாப்பிடாத ஒன்றை வாங்கி, அது எதனால் ஆனது, எப்படிச் செய்வது என்று கடைக்காரரிடம் கேட்டு வந்து மறுநாள் வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். முஸ்லிம் மாணவர்கள் ஹலாலா என்று கேட்டே ஆகவேண்டும். கேள்வி கேட்க அதைவிட உண்மையான காரணம் எது? சீன மாணவர்களை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அங்கே மாண்டரின் செல்லும், நைசாக அதில் முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களை இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பலாம். அரபு மாணவர்களைப் புக்கிட் பிந்தாங்கைத் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

"கடைக்காரர்கள் பேசும் ஆங்கிலம் சரியில்லை, மாணவர்கள் கெட்டுப்போவார்கள்" என்று ஒரு நிர்வாகி என்னிடம் கவலைப்பட்டார். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ஆர்டர் எடுப்பவர் பல நேரம் வங்கதேசத்துக்காரர். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், மாணவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், இரண்டு கொஞ்சமும் சேர்ந்து தே தாரேக் தேநீர் மேசைக்கு வந்துவிடுகிறது. தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்காத ஊர் இது, ஏனென்றால் இங்கே முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவதோ மூன்றாவதோ மொழி. உங்கள் மாணவர்கள் நாளைக்குப் பேசப்போவதும் துபாயிலும் இஸ்தான்புலிலும் ஷாங்காயிலும் இதே மாதிரி ஆட்களோடுதான். இலக்கணத்தை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் வரும் "லா" ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு முன் தட்டிவிடலாம்.

நல்ல, நிதானமான ஆங்கிலம் கேட்க வேண்டுமென்றாலும் இடம் இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். கேள்வி கேட்டால் மகிழ்ந்து போகிறவர்கள் அவர்கள். (ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும்கூட அங்கே நடத்துகிறார்கள். உங்கள் மாணவர்களிடம் இதை மறைத்துவிடுங்கள்.) கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழாய்க் கிடந்த நிலத்தில் 1920களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்த காடு, 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கபூர் மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதை அண்ணாந்து பார்த்துவிட்டால் "ஏன்?" என்ற கேள்வி தானாக வரும். ஜாலான் ராஜா ஆலாங் குருத்துவாராவின் சமையற்கூடத்தில் சப்பாத்தி தேய்க்க உட்காரலாம். ஓய்வு பெற்ற சீக்கியப் பெரியவர்கள் பேசும் ஆங்கிலம் பழைய மிஷன் பள்ளி ஆங்கிலம். அவர்களிடம் மாட்டினால் மாணவர் எழுந்து வர முடியாது, அவ்வளவு பேச்சு.

இதற்கு எதிர்ப்பக்கம், உங்கள் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் இரண்டு பயணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கெந்திங் மலைக்குப் போய் மாணவர்கள் கற்றுக்கொள்வது கேபிள் காருக்கு வரிசையில் நிற்பதை மட்டும். பாதிப் பேர் முஸ்லிம்கள், மீதியில் பலர் இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள், ஆகவே சூதாட்டக் கூடமும் அவர்களுக்கு இல்லை. கோலசிலாங்கூர் மின்மினிகள் அழகுதான், நானே விரும்பிப் போவேன். ஆனால் இருட்டில் படகில் பேசாமல் உட்கார்ந்திருப்பதை ஆங்கிலப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். இன்பச் சுற்றுலா என்றே எழுதுங்கள், தப்பில்லை.

மலாக்கா மட்டும் பேருந்தில் போகத் தக்கது, தூரம் அப்படி. போவதென்றால் சிவப்புச் சதுக்கத்தில் மூன்று சக்கரவண்டியின் முன் நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள். ஆற்றைத் தாண்டினால் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், 1748-இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17-ஆம் நூற்றாண்டின் செங் ஊன் தெங் சீனக் கோயில் மூன்றும் நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. அந்த விநாயகர் கோயிலைக் கட்டிய மலாக்கா செட்டிகளின் வழிவந்தவர்கள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கிறார்கள். வணிகம் செய்ய வந்து தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகள். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவதில் மலாய்ச் சாயல், கும்பிடுவது மாரியம்மனை. வேற்றூரில் தங்கிவிட்டால் எது போகும், எது நிற்கும் என்பது உங்கள் மாணவர்களுக்கு வெறும் வரலாறு இல்லை. சிரியாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்தவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக முடியுமா என்றே தெரியாது. அந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார ஏற்பாடு செய்யுங்கள், மாணவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, அவருடைய நேரத்துக்கு உரிய மரியாதையும் செய்துவிட்டுப் போங்கள். மனிதர்களைக் காட்சிப் பொருளாக்கும் வேலையை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், பேருந்துக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

தைப்பூசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வாரம் வந்தால் எல்லா மையங்களுக்கும் திடீரென்று பண்பாட்டு ஆர்வம் பிறந்துவிடுகிறது. தைப்பூசத்துக்கு முன்னதாகவே ஓர் இரவில் ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கான கூட்டத்துக்கு நடுவே மாணவர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அலகு குத்தியவர்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்ட விடுகிறீர்கள். காவடி எடுப்பவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாரா, என்ன வேண்டுதல், பக்கத்தில் அழுதுகொண்டே நடந்துவரும் அம்மா யார் என்று எதுவும் மாணவர்களுக்குத் தெரியாது. திரும்பிவந்து எழுதும் கட்டுரையில் "பயங்கரம்" என்ற ஒரே சொல்லை ஆளுக்கு நாலு முறை எழுதுகிறார்கள். பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் காட்டியது அவ்வளவுதான்.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் போடுகிறார்களே, அங்கே நிறுத்துங்கள். சில மாணவர்கள் மோர் ஊற்றிக் கொடுக்கட்டும், சிலர் வாழையிலையோ தட்டோ எடுத்து வைக்கட்டும். மதக் காரணத்தால் விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். பந்தலில் நிற்கும் நம் கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார்கள். இரண்டு மணி நேரம் தோளோடு தோள் நின்று வேலை செய்தால் விரதம், காவடி, அலகு பற்றிய கேள்விகளை அவர்களிடமே கேட்டுவிடலாம். கோயில், சங்கப் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார்களே, இந்த இடத்தில் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாணவர்கள் வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக விட்டுவிடாமல், ஆங்கிலத்தில் பேசக்கூடிய இளைஞர் இரண்டு பேரை ஒதுக்கிக் கொடுங்கள். நம் வழிபாட்டைப் பற்றி வெளிநாட்டார் தப்பாக எழுதுகிறார்கள் என்று அப்புறம் முகநூலில் கொதிப்பதைவிட இது எளிது.

தீபாவளிக்கும் ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாம் நடத்தும் திறந்த இல்ல உபசரிப்பும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டுவிட்டு வரலாம் என்ற வழக்கத்தை ஒரு கொரிய மாணவர் நம்பவே இல்லை. எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்தபடி என் அத்தையோடு அவர் பேசியது, அந்தப் பருவம் முழுக்க வகுப்பில் பேசியதைவிட அதிகம். அத்தைக்குக் கொரிய நாடகங்கள் தெரியும் என்பது கூடுதல் வசதி. ஒரு மையம் தன் ஆசிரியர்கள், எழுத்தர்கள், காவலாளி வீடுகளிலேயே விசாரித்தால் ஆண்டுக்கு மூன்று பெருநாளிலும் மாணவர்களை ஏற்றுக்கொள்ளும் வீடுகள் கிடைத்துவிடும். நோன்பு மாதத்தில் மட்டும் கலப்புக் குழுவைப் பகலில் உணவகத்துக்கு அழைத்துப் போகும் திட்டம் போடாதீர்கள். மாலையில் ரமலான் சந்தைக்குப் போய், நோன்பு துறக்கும்வரை காத்திருந்து சேர்ந்து சாப்பிடட்டும்.

கடைசியாகச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சுக்கும் ஒரு வேண்டுகோள். நிறைய இடங்களில் மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடிய கட்டணம். ஓர் ஆண்டு இங்கேயே குடியிருந்து, வாடகை கட்டி, நம் ரயிலில் நம்மோடு நெருக்கியடித்துக்கொண்டு வரும் மாணவரை இரண்டு நாள் பயணியோடு சேர்த்து எண்ணுகிறோம். மாணவர் விசா அட்டையைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். 2026-ஐ மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று அறிவித்திருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பிப் போய் நம்மைப் பற்றிப் பேசப்போகிறவர்களில் இந்த மாணவர்களும் இருக்கிறார்கள்.

மைய நிர்வாகிகளே, அடுத்த பருவத்துக்கான நிகழ்ச்சி அட்டவணையை இப்போதே அச்சடித்திருப்பீர்கள். அதில் ஒரே ஒரு பேருந்துப் பயணத்தை மட்டும் அடித்துவிட்டு, ஒரு புதன்கிழமைப் பிற்பகலைப் போடுங்கள். ஆறேழு பேர் கொண்ட குழுக்கள், குழுவுக்கு ஓர் ஆசிரியர், ரயில் டிக்கெட், ஆளுக்குப் பத்து வெள்ளி. ஆசிரியருக்கு மூன்று மணி நேரச் சம்பளம். எந்த ஆசிரியரும் வர மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை